ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய அறை

எங்கள் வீட்டு ஹால் பதினாறு அடி நீளம், பதினோரு அடி அகலம். மயிலாப்பூரில் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. ஹாலைத் தவிர ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. நானும் மனைவியும் மட்டும் இருந்தவரை இந்த அளவுகளைப் பற்றி யோசித்ததே இல்லை. போன வருஷம் மார்ச்சில் என் அக்கா தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டேப்பை எடுத்து ஹாலை இரண்டு தடவை அளந்தேன். இரண்டு தடவையும் அதே அளவுதான் வந்தது.

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். நாங்கள் தி.நகரில் இரண்டே அறை கொண்ட வீட்டில் ஏழு பேராக வளர்ந்தோம். அவளுக்கென்று அங்கே ஒரு மூலைகூடக் கிடையாது. புடவை மாற்றவேண்டும் என்றால் எங்களையெல்லாம் வாசலுக்கு விரட்டுவாள். நாங்கள் வெளியே நின்றுகொண்டு ‘ஆச்சா, ஆச்சா’ என்று கத்துவோம். ஐம்பது வயதில் கொட்டிவாக்கத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். அதன் பிறகு அவளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் போன் செய்ய வேண்டும் என்று ஆயிற்று. நான் உட்பட.

அறுவை சிகிச்சை முடிந்தபோது டாக்டர், மூன்று மாதம் இவர் தனியாக இருக்கக் கூடாது என்றார்.

“நீ பெட்ரூம்ல இரு, அக்கா. நாங்க ஹால்ல படுத்துக்கறோம்” என்றேன்.

“உன் பொண்டாட்டிக்கு ஏற்கெனவே முதுகு வலி. அவளைத் தரையில தள்ளிட்டு நான் மகாராணி மாதிரி படுத்திருக்கணுமா? பாலவாக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. விசாரிச்சிட்டேன். ஆளுக்கு ஒரு ரூம். கதவு இருக்கு.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போன் போட்டு விசாரித்திருக்கிறாள். அவளை அங்கே விட்டுவிட்டுத் திரும்புகிற ஆட்டோவில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் மனைவிதான் பேசினாள். “அண்ணி, ஒரு மாசம் எங்ககூட ஹால்ல இருங்க. சரிப்படலைன்னா நானே உங்களைப் பாலவாக்கத்துல கொண்டுபோய் விடறேன்.”

“ஒரு மாசம்” என்றாள் அக்கா. “அதுக்கு மேல கெஞ்சக் கூடாது.”

ஹாலின் நீளச் சுவரை ஒட்டி ஒரு மரக்கட்டில் போட்டோம். பக்கத்தில் கழிப்பறை நாற்காலி, அதன் பக்கத்தில் நடப்பதற்கான வாக்கர். மறைப்புக்கு ஆஸ்பத்திரிகளில் இருப்பது போன்ற மடிப்புத் தட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அது மின்விசிறிக் காற்றில் ஆடியது. இரண்டாம் நாள் வாக்கர் இடித்து விழுந்தது. விழுந்த நேரத்தில் பால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அரைப் புடவையில் இருந்தாள். மறுநாள் காலையில், “ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம். அங்க தட்டிக்குச் சக்கரமாவது இருந்தது” என்றாள்.

அப்போதுதான் அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது. நான் பத்திரிகையில் ஞாயிறு இணைப்பின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மத்திய கால ஐரோப்பாவின் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். பக்கம் முடிகிற நேரத்தில் பாத்திரக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. கட்டுரையின் கடைசி மூன்று பத்திகளை வெட்டினேன். எதை வெட்டுவது என்று திரும்பத் திரும்பப் படித்ததாலோ என்னவோ, அச்சில் வந்த பகுதி மறந்துபோய் வெட்டிய பகுதி மட்டும் மனத்தில் நின்றுவிட்டது.

அந்தக் காலத்துப் பெரிய வீடுகளிலும் சாமான் அதிகம் இருக்காதாம். பெட்டிகள், பெஞ்சுகள், கால்களின் மேல் பலகை வைத்த, சாப்பிட்டதும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுகிற மேஜைகள், அவ்வளவுதான். பெட்டிதான் பீரோ, பெட்டிதான் நாற்காலி, ஊருக்குப் போனால் பெட்டிதான் மூட்டை. வீட்டின் நடுவே ஒரு பெரிய கூடம். சாப்பாடு, விருந்தாளி, வேலைக்காரர்கள், நாய்கள் எல்லாம் அங்கேதான். தூக்கமும் பெரும்பாலோருக்கு அங்கேதான். அந்த நெரிசலில் ஒருவருக்குத் தனி இடம் என்று இருந்தது கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரை மட்டுமே. கட்டில் மரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. துணிதான் சொத்து. உயிலில் திரையை இன்னாருக்கு என்று எழுதிவைப்பார்களாம். ஊர் மாறும்போது கட்டிலை விட்டுவிட்டுத் திரையைச் சுருட்டி எடுத்துப்போவார்களாம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அது குளிர் ஊரு. குளிருக்குப் போர்த்திக்கிட்டாங்க. இங்க ஏப்ரல் வரப்போகுது. அண்ணி உள்ளேயே வெந்துடுவாங்க.”

“மெல்லிசு துணி போடலாம். மேலே ஒரு அடிக்கு வலை வெச்சா காத்து வரும்.”

“கொசுவலையே கட்டிடலாமே.”

“கொசுவலைக்குள்ள இருந்தா எல்லாம் தெரியுமே.”

அவள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். “சரி, எதுல கட்டுவீங்க?”

தச்சர் வந்து பார்த்துவிட்டு நாலு கால் நட வேண்டும் என்றார். நாலு கால் நட்டால் வாக்கர் திரும்ப இடமில்லை. அப்போதும் வெட்டிய பத்திதான் உதவியது. திரைக்கென்று மூலைக்கு ஒரு கால் வைத்த கட்டில்கள் பின்னால் வந்தவை. அதற்கு முன்பெல்லாம் திரையைத் தாங்கும் சட்டத்தைக் கயிறு போட்டுக் கூரை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். இணையத்தில் பழைய ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பகல் நேரத்தில் கால்மாட்டுத் திரையை மேலே சுருட்டிப் பேரிக்காய் போல முடிந்து தொங்கவிட்டிருந்தார்கள்.

எங்கள் ஹாலில் உத்தரம் கிடையாது. ஆனால் ஊஞ்சல் கொக்கிகள் உண்டு. இந்தப் பேட்டையில் ஃபிளாட் கட்டுகிறவர்கள், வாங்குகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஹால் கூரையில் நாலு இரும்புக் கொக்கி வைத்துவிடுவார்கள். நாங்கள் ஊஞ்சல் வாங்கவே இல்லை. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் அவற்றுக்கும் ஒரு பூச்சு விழுந்து, கூரையில் நாலு வெள்ளைக் கட்டி போலத் தெரியும். தச்சர் ஏணியில் ஏறிச் சுரண்டினார். உள்ளே இரும்பு நன்றாகவே இருந்தது. “யானையைக் கட்டலாம் சார்” என்றார். எட்டடிக்கு ஐந்தடியில் ஓர் அலுமினியச் சட்டம் செய்து கொக்கிகளில் தொங்கவிட்டார். கட்டிலுக்கும் திரை விழப்போகும் இடத்துக்கும் நடுவே இரண்டடி. கழிப்பறை நாற்காலி அதற்குள் அடங்கிவிடும்.

துணிதான் பாக்கி. தி.நகரில் இரண்டு திரைச்சீலைக் கடைகளில் ஜன்னலுக்கு மட்டும்தான் தைப்போம் என்றார்கள். கடைசியில், மாட வீதிக்குப் பின்னால் கோயில் குடைகளும் சன்னிதித் திரைகளும் தைக்கிற தையல்காரரிடம் போனேன். அந்தரத்தில் தொங்கும் துணியைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது என்பது என் கணக்கு.

“எந்தக் கோயிலுக்கு?” என்றார், தலையைத் தூக்காமல்.

“கோயிலுக்கு இல்ல. வீட்டுக்கு.”

“பூஜை ரூமா?”

“எங்க அக்காவுக்கு. கட்டிலைச் சுத்தி.”

தையல் மிஷின் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். இடுப்பெலும்பு, ஹால், பால்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் பச்சைப் புடவை ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. “பச்சை” என்றேன்.

“பச்சைக்கு அரக்கு பார்டர் வெச்சிடறேன். மொட்டையா விட்டா நல்லாருக்காது, கிளி வெக்கறேன். அளவை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

ஐந்தாம் நாள் அவரே வந்து மாட்டிக்கொடுத்தார். கிளிப்பச்சையில் மெல்லிய கைத்தறித் துணி, கீழே அரக்கு நிறத்தில் ஒரு சாண் பார்டர். முன்பக்கத் திரை நடுவில் இரண்டாகப் பிரிந்தது. பிரியும் இடத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கிளிகள், அவற்றைச் சுற்றிப் பூக்கள். எல்லாம் வெட்டி வைத்துத் தைத்தவை. ஓரத்தில் சிவப்புக் குஞ்சம் வைத்த கயிறு. இழுத்தால் திரை இரண்டு பக்கமும் ஓசையில்லாமல் ஒதுங்கியது. மறு கயிற்றை இழுத்தால் மூடியது. தையல்காரர் நாலைந்து தடவை இழுத்துக் காட்டினார்.

அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா பகலில் வருவார். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை இடித்துவிட்டு அவர் குடும்பத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தார். “இன்னா சார் இது, சாமி ரூம் கணக்கா கீது.”

“சூடத்தட்டு யாரு எடுத்துக்கிட்டு வரப் போறாங்க?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

எல்லோரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று மனைவி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

அடுத்த பத்து நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் காபி கொண்டுபோகும்போது கயிற்றை இழுத்துத் திறப்பேன். அவள் குளித்து உடை மாற்றும்போது மனைவி மூடுவாள், முடிந்ததும் திறப்பாள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கட்டும் என்று மூடிவிடுவோம். மேல் மாடிக்காரர் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். நான் மத்திய காலக் கூடத்தைப் பற்றியெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டு, கயிற்றை இழுத்துக் காட்டினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த கூந்தலோடு மேல் மாடிக்காரரைப் பார்த்து, “வாங்க” என்றாள். சீப்பை மடியில் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு குறைந்தது. வலியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, “பாலவாக்கத்துல அந்த ரூம் காலியா இருக்கான்னு கேட்டு வை. மாசம் முடியப்போகுது” என்றாள்.

“ஏன் அக்கா? என்ன குறை இங்க?”

“குறைன்னு நான் சொன்னேனா? நல்லாத்தான் பாத்துக்கறீங்க.”

“அப்புறம்?”

“கேட்டு வைன்னா கேட்டு வை.”

நான் கேட்கவில்லை. ‘கேட்டேன், யாரும் போனை எடுக்கவில்லை’ என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம் ஒரு நாள் பகல் வேலைக்கு வருகிற அம்மா லீவு. மனைவிக்கு முதுகு வலி, படுக்கையறையில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அக்காவுக்குச் சாதம் கொடுத்து, தட்டை எடுத்துவிட்டு, தூங்கு என்று சொல்லித் திரையை மூடினேன். அக்காவின் மாத்திரையை வாங்க லஸ் கடைத்தெரு வரை போனவன், பழைய நண்பர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றதில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து கயிற்றை இழுத்தேன். அக்கா தூங்கவில்லை. நான் விட்டுவிட்டுப் போன அதே நிலையில், தலையணையில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ச் செம்பு திரைக்கு வெளியே, சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

“ஏன் கூப்பிடலை? அவ உள்ளதானே இருந்தா.”

“அவளுக்கு உடம்பு முடியலை. நீதான் நடையைச் சாத்திட்டுப் போயிட்டே” என்றாள். குரலில் கோபம் இல்லை. செம்பைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் வேலைக்கு வந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். குற்றத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

“நானும் இது வந்த நாள்லேந்து பாத்துக்கினுதான் கீறேன். சொன்னா தப்பா எடுத்துப்பீங்களோன்னு சொல்லல. கயிறு இன்னாத்துக்கு வெளியே கீது?”

நான் பார்த்தேன். குஞ்சம் வைத்த கயிறு என் கையருகே தொங்கியது.

“எங்க வூட்ல எல்லாத்துக்கும் ஒரே ரூம். நடுவுல புடவைதான் செவுரு. எங்க அத்தை, நானு, ரெண்டு பொண்ணுங்க. புடவைய கட்டுனா முடிச்சு உள்ளார வரணும். உள்ள கீறவதான் அவுக்கணும். வெளிய முடிச்சு போட்டா அது ஆட்டுக்குட்டிய கட்டி வெச்சா மாதிரி.”

தையல்காரர் மேல் தவறில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தைத்தது சன்னிதித் திரைகள். அவற்றில் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை உள்ளே இருப்பவர் தீர்மானிப்பதில்லை. அழகும் வெளியே நிற்பவர்களுக்குத்தான். அதனால் வளையங்களும் கயிறும் வெளிப்பக்கம், கிளிகளும் வெளிப்பக்கம். நான் உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கிளிகள் இருந்த இடத்தில் வெட்டுத் துணியின் பின்தையலும், நூல் முடிச்சுகளும், முதுகைத் திருப்பிக்கொண்ட மாதிரி இரண்டு வடிவங்களும் தெரிந்தன. திரை இரண்டடி தள்ளியிருந்தது. அவளைப் போலத் தலையணையில் சாய்ந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. இடுப்பு நன்றாக இருக்கிற எனக்கே எட்டவில்லை.

“இத்தனை நாளா இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?”

“முப்பத்தியெட்டு முடிச்சு இருக்கு” என்றாள் அக்கா. “எண்ணிட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீ எவ்வளவு ஆசையா வந்தவங்களுக்கெல்லாம் காட்டினே. அதுல போய் என்னத்தைச் சொல்றது?”

அன்று சாயங்காலமே திரையைக் கழற்றினோம். வேலைக்கு வருகிற அம்மா பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்து, ஸ்டூலில் ஏறி வளையங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். புதிதாக எதையும் தைக்கத் தேவையிருக்கவில்லை. துணியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் போதும். கயிறும் கிளிகளும் சேர்ந்தே உள்ளே போய்விடும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தாள். கண்காணிப்பாளர் குரல் திரும்பி வந்திருந்தது. “இடது பக்கம் தாழ்ந்திருக்கு. இன்னொரு வளையம் தள்ளு.”

மனைவிக்கு மட்டும் ஒரு தயக்கம். ஹாலில் நின்று பார்த்தால் இப்போது பின்தையலும் நூல் முடிச்சுகளும்தான் தெரிந்தன. “இந்தப் பக்கம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே, அண்ணி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“வர்றவங்க போயிடுவாங்க” என்றாள் அக்கா. “நான்தானே இருக்கப் போறேன்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், விடவில்லை.

கயிற்றின் நுனியை நீட்டிக் கட்டில் தலைமாட்டில், அக்காவின் வலது கைக்கு எட்டும்படி விட்டோம். அவளைக் கட்டிலில் உட்காரவைத்தோம். ஒரு தடவை இழுத்து மூடிப் பார்த்தாள். மறுபடி திறந்தாள். கிளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எனக்குப் பச்சை பிடிக்காது” என்றாள். “ஆனா கிளி பச்சையாத்தான் இருக்கணும்.” பிறகு நாங்கள் மூன்று பேரும் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே திரையை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் காபி கொண்டுபோனேன். திரை மூடியிருந்தது. கை பழக்கத்தில் குஞ்சத்தைத் தேடியது. அது அங்கே இல்லை. கதவாக இருந்தால் தட்டலாம். துணியை எப்படித் தட்டுவது என்று தெரியாமல் டம்ளரோடு நின்றேன்.

“அக்கா, உள்ள வரலாமா?”

“இரு.”

உள்ளே புடவை மடிப்பு உதறுகிற சத்தம் கேட்டது. சீப்பு எதன்மீதோ விழுந்தது. ஏதோ முணுமுணுத்தாள், பாட்டா கணக்கா என்று தெரியவில்லை. அவசரப்படுகிறவள் போலத் தோன்றவில்லை.

“காபி ஆறுது.”

“ஆறட்டும். எனக்குச் சூடாக் குடிச்சா பிடிக்காது.”

அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காபியின் மேல் ஆடை படரத் தொடங்கியது. நான் நின்றுகொண்டிருந்தேன்.